மிச்சக் காசு

கொண்டக்டரிடம் சில்லறை இல்லை.
நூறு ரூபாய்த் தாள் ஒன்றை நீட்டி
"அறுவது ஒங்களுக்கு, நாப்பது அந்தத் தாத்தாக்கு.
இறங்கக்குள்ள பிரிச்செடுங்க" என்றான்.
ஒரே இடத்திலா இறங்குவீர்கள் என்று
எங்களைக் கேட்கவில்லை.
களுவாஞ்சிகுடி தாண்டியிருந்தது.

தாளை யார் வைத்திருப்பது?
அவர் என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன்.
பெரிய பங்கு என்னுடையதென்று
என் கைக்கே வந்தது.
நாலாக மடித்தேன்.
மடித்தால் களவு மாதிரித் தெரியுமோ என்று
திரும்ப விரித்து
இருவருக்கும் நடுவே
முன்சீற்றுக் கம்பியோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டேன்.

அவர் மடியில் எக்ஸ்ரே உறை.
மேலே நீல மையில்:
எம். ஐ. நிஹாரா, மருதமுனை, வயது 51.

கிரான்குளத்தில் எங்கோ
படத்தை உருவி யன்னல் வெளிச்சத்தில் பிடித்தார்.
விலா எலும்புகளுக்கு நடுவால்
தென்னைகள் ஓடின.
ஒரு மதவு. ஒரு சைக்கிள்.
வெள்ளைச் சட்டைப் பிள்ளைகள் நாலைந்து பேர்
ஒரு எலும்பிலிருந்து மற்ற எலும்புக்குத் தாவினார்கள்.
இருதயம் இருக்குமிடத்தில் மட்டும்
ஒன்றும் தெரியவில்லை.

"இதுல என்ன தம்பி தெரியுது?"
"தென்னமரம்" என்றேன்.
சிரித்தார்.
சிரிக்கும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டார்.
அவ்வளவுதான் நாங்கள் பேசியது.

ஆரையம்பதியில் அவருக்கு ஒரு அழைப்பு.
"எப்ப? இப்பயா? நான் வாறன், நான் வாறன்."
காத்தான்குடியில்
நடுவீதிப் பேரீச்ச மரங்கள் தொடங்கும் இடத்தில்
உறையை அணைத்தபடி இறங்கிவிட்டார்.
"தாத்தா, காசு!"
கிறுகிப் பார்த்துக் கையை அசைத்தார்.
வேணாம் என்றா, வைத்திரு என்றா,
அதுக்கு இப்ப எங்க நேரம் என்றா.
பஸ் எடுத்துவிட்டது.

கல்லடிப் பாலத்தில் ஏறும்போது
தாள் என் கைக்குள் நனைந்திருந்தது.

மணிக்கூட்டுக் கோபுரத்தடியில்
ஒரு பிளேன்ரீ குடித்து மாற்றினேன்.
இரண்டு இருபது ரூபாய்த் தாள்கள்
போன் உறைக்குள் போயின.
அன்றைக்கு ஆஸ்பத்திரி மதில் ஓரமாக
இரண்டு தரம் நடந்தேன், வேலை ஒன்றும் இல்லாமல்.
உறை பிடித்த பெண்கள் எத்தனை பேர் இந்த ஊரில்!
ஒவ்வொரு உறைக்குள்ளும் ஒரு நெஞ்சு,
அல்லது ஒரு முழங்கால்.

சாப்பாட்டுக்குச் சில்லறை குறைந்த நாளிலும்
அதைத் தொடவில்லை.
என் காசென்றால் எப்போதோ செலவழித்திருப்பேன்.

ஐப்பசி மழை.
பஸ் நிலையத்தில் ஒரு பெடியன்,
முழங்கால்வரை சேறு, கழுத்தில் தொங்கும் ஃபுட்போல் பூட்ஸ்.
"அண்ணன், வாழைச்சேனைக்கு முப்பது ரூவா குறையுது."
அன்று சம்பள நாள். பையில் நிறையவே இருந்தது.
ஆனாலும் என் கை
போன் உறைக்குத்தான் போனது.

"இது என்ர காசில்ல."
"அப்ப ஆர்ர?"
"மருதமுனை நிஹாரா தாத்தாட."
"அவங்க ஆரு?"
"தெரியா."
கள்ளத்தாளைப் பார்ப்பதுபோல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான்.
அவனும் அப்படித்தான் பிடித்தான்.
பிறகு பொக்கற்றைத் துழாவி
"பத்து கூட இரிக்கு" என்று
ஒரு குற்றியைத் திருப்பித் தந்தான்.

ஆக, நான் அவருக்குப் பத்து.
மிதுர்ஷன் என்ற ஒருவன் அவருக்கு முப்பது.
அவருக்கு இது தெரியாது.
அன்று காத்தான்குடியில் எந்த வாசலில்
யாருக்காக அவர் ஓடினார் என்று
எங்களுக்கும் தெரியாது.

மிதிபலகையில் நின்று கேட்டான்:
"அவவக் கண்டா என்ன சொல்ற?"
"நெஞ்சு சுகமா எண்டு கேள்."
இயந்திரம் உறுமிற்று.
கேட்டதோ இல்லையோ, தலையை ஆட்டினான்.

குற்றி, தாள்போலப் படிந்து கிடப்பதில்லை.
மேசையில் வைத்தால்
போன் ஒரு பக்கம் சாய்கிறது.
யாராவது அழைத்தால்
நின்ற இடத்திலேயே சுற்றுகிறது.